தொழில்நுட்பப் பொறுப்பாசிரியரின் முதல் ஆண்டு

நீங்கள் கேட்டது இது. ஒன்பது ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறீர்கள். லேப்டாப்பில் கொஞ்சம் கை பழகியவர் என்பதால் தலைமையாசிரியர் ‘இனிமே டெக்னாலஜி எல்லாம் நீங்க பாத்துக்கங்க டீச்சர்’ என்று சொல்லிவிட்டார். பாடவேளையில் ஒன்றுகூடக் குறையவில்லை. எந்தெந்த இணையதளங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், மற்ற ஆசிரியர்களை எப்படி இழுத்து வருவது, அடுத்த ஆண்டு பள்ளியை எதை வாங்கச் சொல்வது என்று மூன்று கேள்விகள்.

இந்த வேலையைப் பதினொரு ஆண்டு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு விடை சின்னது. இரண்டாவதுதான் வேலையே. மூன்றாவதை இந்த ஆண்டு தொடவே தொடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் பண்ணிய கூத்து. பொறுப்பு கைக்கு வந்த மாதமே ‘ஆசிரியர்களுக்கு உதவும் 120 தளங்கள்’ என்று ஒரு பட்டியல் தயாரித்தேன். இரண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து, பாடவாரியாகப் பிரித்து, கட்டங்களுக்கு வண்ணமெல்லாம் கொடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினாறு கும்பிடு வந்தது. திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆறு மாதம் கழித்து நானே திறந்தபோது பாதி லிங்க் எதற்காகச் சேர்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. நாளை மூன்றாம் பாடவேளைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 120 கதவுகளைக் காட்டினால் அவருக்கு வேலைதான் கூடும்.

அடுத்த ஆண்டு பட்டியலை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘உங்க பாடத்துல பசங்க வருஷா வருஷம் ஒரே இடத்துல சறுக்குறாங்களே, அது எது?’ இதற்குப் பதில் சொல்லாத ஆசிரியரே கிடையாது. தமிழாசிரியர் குற்றியலுகரத்தைச் சொன்னார். சமூக அறிவியல் ஆசிரியர் பருவகாலம் ஏன் மாறுகிறது என்பதைச் சொன்னார் (சூரியனுக்குப் பூமி அருகில் வருவதால்தான் கோடை என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்களாம்). அப்படிச் சேர்ந்த இருபது சறுக்கல்கள்தான் என் இரண்டாம் ஆண்டுத் திட்டம். அவற்றுக்கு மட்டும் தேடினேன்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். மின்னோட்டம் பல்பில் ‘செலவாகிவிடும்’ என்று பிள்ளைகள் நம்புகிறார்கள், இல்லையா? கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2001-ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம். இலவசம், தமிழிலும் சில கிடைக்கின்றன. அதில் நேர்மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறந்து, 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 ஓம் பல்பு இரண்டு, எல்லாவற்றையும் தொடரில் இணையுங்கள். சுவிட்சை மட்டும் போடாதீர்கள். ‘எந்த பல்பு பிரகாசமா எரியும்? முதல் பல்பா, ரெண்டாவதா, ரெண்டும் ஒண்ணா?’ என்று கேட்டு, விடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் சண்டை போடட்டும். ‘முதல் பல்பே கரண்ட்டைத் தின்னுடும் டீச்சர்’ என்ற குரல் கண்டிப்பாக வரும். அதன் பிறகு சுவிட்ச். இரண்டும் ஒரே மாதிரி எரியும். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்திலும் வைத்துக் காட்டுங்கள். மூன்றிலும் 0.45 ஆம்பியர்.

இதற்கு ஒரு லேப்டாப்பும் ஒரு புரொஜெக்டரும் போதும். ஆளுக்கொரு கருவி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பை நடத்தியது சுவிட்சுக்கு முந்தைய அந்த இரண்டு நிமிடம். சிமுலேஷனைத் திறந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டு ‘பாத்தீங்களா, ரெண்டும் சமமா எரியுது’ என்று சொல்லும் ஆசிரியருக்கு அது வெறும் வண்ணப்படம்தான். பேட்டரியின் இரு முனையையும் வயரால் நேரடியாக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள், வகுப்பே கத்தும், கத்தட்டும். ஆய்வகத்தில் அனுமதிக்க முடியாத தவறைச் செய்து பார்க்க வேறு இடம் இல்லை. மறுநாள் நிஜ பல்பு இரண்டை வைத்து அதே சுற்றைச் செய்யுங்கள். ஒன்று கொஞ்சம் மங்கலாக எரியலாம். ஏன் என்பது இன்னொரு நல்ல பாடவேளை.

சரி, உங்கள் முதல் கேள்வி. கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, 2001 வாக்கில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தன் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கியது. நிரலாக்கத்துக்கு எம்.ஐ.டி.யின் ஸ்கிராட்ச். படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ். பயிற்சிக் கணக்குகளுக்கு கான் அகாடமி. வினாக்களோடு கூடிய சிறு பாடங்களை நீங்களே செய்ய எச்5பி. முதல் ஆண்டுக்கு இவ்வளவு போதும். இதிலும் ஒன்றிரண்டைத்தான் உங்கள் பள்ளி உண்மையில் பயன்படுத்தும்.

தளத்தை எடை போட என்னிடம் இருப்பது மூன்றே கேள்விகள். இணையம் போனால் இது ஓடுமா? இந்த நிறுவனம் நாளைக்குக் கடையைச் சாத்தினால் என் பொருள் என் கையில் இருக்குமா? மாணவர்களின் பெயரையோ பிறந்த தேதியையோ கேட்கிறதா?

முதல் கேள்வியில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஃபெட் சிமுலேஷன்களை டவுன்லோடு செய்து பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். ஸ்கிராட்சுக்கும் ஜியோஜீப்ராவுக்கும் இணையம் இல்லாமல் ஓடும் பதிப்புகள் உண்டு. ‘கிவிக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கித் தருகிறது. ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபியைச் சுற்றி வரும், தமிழ் அதைவிட மிகச் சிறியது. பள்ளிக்குள் ஒரு பழைய கணினியைச் சர்வராக வைத்து எல்லாக் கருவிகளுக்கும் பாடங்களைக் கொடுக்க ‘கோலிப்ரி’ இருக்கிறது. இணையம் அறவே இல்லாத பள்ளிகளை மனதில் வைத்துச் செய்தது. நம் பள்ளியில் இணையம் இருக்கிறதே என்பீர்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவைத் திறக்கிற நாளில் அது இருக்காது.

இரண்டாவது கேள்வியை நான் பட்டுத்தான் கற்றேன். இணைய அசைபடங்களை ஓட்டிய அடோபி ஃப்ளாஷ் என்ற மென்பொருள் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது, அதில் செய்த அறிவியல் அசைபடங்கள் எத்தனையோ ஒரே நாளில் கறுப்புக் கட்டங்களாயின. வகுப்பறைக் குழுக்களுக்கென்றே இருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 முடிவோடு போனது. இவையெல்லாம் சின்னக் கடைகள் அல்ல. அதனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்தோம். வினாத்தாள், பயிற்சித்தாள், ஸ்லைடு எதுவானாலும் மூலக் கோப்பு ஒன்று பள்ளியின் ஹார்டு டிஸ்கில் இருக்க வேண்டும். இணையத்தில் இருப்பது நகல் மட்டுமே.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் தனித் தலைவலி ஒன்று உண்டு. பழைய பயிற்சித்தாள்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். பழசு, இனி ஆகாது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். எறியாதீர்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஓய்வு பெறப்போகும் ஆசிரியர் ஒருவரின் இருபது ஆண்டு வினாத்தாள்களை ஒரு கோடை விடுமுறையில் மாற்றினோம். எங்கள் பள்ளியில் நான் செய்ததில் அதிகம் பயன்பட்டது அதுதான். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை.

அடுத்தவர் படத்தையோ பாடத்தையோ எடுத்துப் போட்டுவிட்டு ஆசிரியர்கள் ‘கூகுள்ல கிடைச்சது சார்’ என்பார்கள், அது அனுமதி ஆகாது. பார்க்க இலவசம் வேறு, எடுத்து மாற்றிப் பயன்படுத்த இலவசம் வேறு. 2002 டிசம்பரில் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கின. உரிமத்தின் பெயரில் பி.ஒய். என்றிருந்தால் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். எஸ்.ஏ. என்றால் நீங்கள் மாற்றிச் செய்ததையும் அதே உரிமத்தில் விட வேண்டும். என்.சி. என்றால் வணிக நோக்கத்துக்கு ஆகாது. என்.டி. என்றால் மாற்றியதை வெளியிடக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றமே. இந்தக் கடைசி எழுத்துகள்தான் நம்மைப் போன்றவர்களைத் தடுக்கும், ஏனென்றால் நாம் எடுக்கிற பாதியைத் தமிழாக்கம் செய்துதான் எடுக்கிறோம். இப்படி எடுத்துப் பயன்படுத்த அனுமதியுள்ள பாடப்பொருள்களுக்கான ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயரே 2002-ல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் பிறந்தது. 2019-ல் அதை ஒரு முறையான பரிந்துரையாகவே ஏற்றார்கள்.

இப்போது சக ஆசிரியர்கள். ஐ.எஸ்.டி.இ. என்ற கல்வித் தொழில்நுட்ப அமைப்பு 2017-ல் வெளியிட்ட ஆசிரியர் தரநிலைகளில் ஏழு பாத்திரங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ‘கற்பவர்’ முதலாவது, ‘தலைவர்’ இரண்டாவது. வரிசையை வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா, தற்செயலா என்று நான் ஆராயவில்லை. ஆனால் அந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் பள்ளியில் மூத்த கணித ஆசிரியர் ஒருவர். போர்டில் கையாலேயே வட்டம் போடுவார், காம்பஸ் தோற்கும். பயிற்சி வகுப்புக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். அவரை நான் ஓர் ஆண்டு முழுக்க ‘வரமாட்டார்’ பட்டியலில் வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை, ஒரே வில் பரிதியில் தாங்கும் கோணங்கள் சமம் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே தவிர நம்புவதில்லை என்று அவரே அலுத்துக்கொண்டார். ஜியோஜீப்ராவில் வட்டம், நாண், பரிதியில் ஒரு புள்ளி போட்டு, மவுஸை அவர் கையில் கொடுத்தேன். புள்ளியை இழுத்தார். கோணம் 50 பாகையிலேயே நின்றது. இன்னும் இழுத்தார், நின்றது. நாணின் முனையைத் தாண்டி மறுபக்கம் போனதும் சட்டென்று 230 என்று காட்டியது.

‘தப்பு. 180-ல 50 போக 130 வரணும்’ என்றார்.

எனக்குக் காரணம் தெரியவில்லை, உண்மையாகவே. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ‘இது ஒரே பக்கமா சுத்தி அளக்குது தம்பி. 360-ல இருந்து கழி’ என்றார். அதேதான். ஜியோஜீப்ரா கோணத்தைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அளக்கிறது, அதை 180-க்குள் அடக்க ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தேடி மாற்றியதும் 130. மறுநாள் அவர் வகுப்பில் அந்த அமைப்பை மாற்றவில்லை. வேண்டுமென்றே 230-ஐக் காட்டி, எங்கே தப்பு என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அதைச் செய்து காட்டியவர் அவர்தான். நான் ஓர் ஆண்டாகச் சொல்லியும் அசையாதவர்கள் அவர் சொன்னதும் லேப்டாப்பைத் திறந்தார்கள்.

இதில் நான் செய்தது என்ன? மவுஸை விட்டுக்கொடுத்தது. பயிற்சி நடத்தும்போது இதைக் கடைப்பிடியுங்கள். மற்றவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி ‘இங்க பாருங்க, டக் டக்’ என்று செய்து காட்டுகிற நொடியில் அவர் மனதில் ‘இது அவங்க வேலை’ என்று பதிந்துவிடும். அப்புறம் எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், நீங்கள் இலவச மெக்கானிக் ஆகிவிடுவீர்கள். 2006-ல் கல்வி ஆய்வாளர்களான புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் எழுதியது இதையொட்டித்தான் வருகிறது. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றுகலக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு இருக்கிறது என்றார்கள். அந்த மூத்த ஆசிரியரிடம் முதல் இரண்டும் என்னைவிடப் பத்து மடங்கு இருந்தன. மூன்றாவதில் ஒரு மாலை போதுமாக இருந்தது. தொழில்நுட்பம் மட்டும் தெரிந்தவருக்கு மற்ற இரண்டையும் ஒரு மாலையில் கொடுக்க முடியாது.

பயிற்சியை அரை நாள் கூட்டமாக வைக்காதீர்கள். இருபது நிமிடம், ஒரு பாடம், முடியும்போது எல்லார் கையிலும் அடுத்த வாரம் நடத்தக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு ஒரு கருவி. முதல்முறை வகுப்பில் பயன்படுத்தும் ஆசிரியரோடு நீங்களும் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ஒயர் கழன்றால் மாட்டுவதற்கு மட்டும். வகுப்பு நடுவே திரை அணைந்து, நாற்பது பிள்ளைகள் சிரித்த அனுபவம் ஒரு முறை வந்தால் போதும், அந்த ஆசிரியர் ஐந்து ஆண்டுக்குப் பக்கத்தில் வரமாட்டார்.

கணக்குகள் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில், பாடக் கோப்புகள் எல்லாம் இருந்த கணக்கை ஓர் இளம் ஆசிரியர் தன் சொந்த போன் நம்பரில் தொடங்கியிருந்தார். அவர் வேலை மாறிப் போனார், நம்பரையும் மாற்றினார். ஓ.டி.பி. யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. மூன்று ஆண்டுப் பொருள் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. எந்தக் கணக்கானாலும் பள்ளியின் பெயரில், பள்ளியின் நம்பரில், இரண்டு பேருக்குத் தெரிந்த கடவுச்சொல்லோடு இருக்கட்டும். நீங்கள் நாளைக்கு இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். மாணவர் விவரங்களில் இன்னும் கறாராக இருங்கள். பல சேவைகள் 13 வயதுக்குட்பட்டவர்கள் தாமாகக் கணக்குத் தொடங்குவதை அனுமதிப்பதில்லை. வயதைக் கூட்டிப் போடச் சொல்லி நாமே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் அப்புறம் இணைய ஒழுக்கம் பற்றி எந்த முகத்தோடு பேசுவது? வினாடி வினாவுக்குப் புனைபெயரோ வரிசை எண்ணோ போதும்.

வீடியோ பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தின் வகுப்புகளை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற தரவை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு நீள வீடியோவானாலும் பார்வையாளர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். நம் பிள்ளைகள் நம் முகத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள், கேள்வி கேளுங்கள், மறுபடி ஓட்டுங்கள்.

ஏ.ஐ.? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் ஆசிரியர் கூட்டங்களில் பாதி நேரம் இதற்கே போகிறது. ஒரே கருத்துக்கு மூன்று தரத்தில் வினாக்கள் கேட்டால் நொடியில் தரும், நல்ல உதவிதான். விடைகளை ஒன்றுவிடாமல் நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழில் கேட்டால் இலக்கண உதாரணங்களில் அது தைரியமாகப் பொய் சொல்வதை நானே பலமுறை பிடித்திருக்கிறேன். ஆனால் மாணவர் கட்டுரையை ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் தண்டிக்கவிடாதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு ‘இந்தப் பத்தியை எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, வாங்குவது. பெரு நாட்டில் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை வைத்து, ‘ஒரு பிள்ளைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தை ஆராய்ந்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்பது 1.18 ஆக உயர்ந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண்கள் அசையவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது, வகுப்பு நடக்கும் விதம் பழையபடியே இருந்தது. அதனால்தான் முதல் ஆண்டு எதையும் கேட்காதீர்கள் என்கிறேன். தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு இரண்டு பாடவேளை உங்களுக்குக் குறைய வேண்டும், கடைசி பெஞ்சில் போய் உட்காருவதற்கு. பணம் செலவில்லாத கோரிக்கை என்பதால் மறுப்பது அவருக்குக் கொஞ்சம் சிரமம்.

புரொஜெக்டர் பக்கத்தில் நூலில் கட்டி ஒரு நோட்டு வையுங்கள், பேனாவோடு. பயன்படுத்திய ஒவ்வொருவரும் தேதி, வகுப்பு, எது வேலை செய்யவில்லை என்று ஒரு வரி எழுதட்டும். ஆண்டு முடிவில் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். நாங்கள் அப்படிப் படித்தபோது ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்று ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. ‘வெயில் அடிக்குது, திரை தெரியல’, ‘பின்னாடி கேக்கல’, ‘ஒயர் எட்டல’. பக்கம் பக்கமாக இதேதான். அந்த ஆண்டு நாங்கள் வாங்கியது ஜன்னலுக்குத் திரைச்சீலை, ஒரு ஸ்பீக்கர், பத்து மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள்.